பாம்பனில் ஜிபிஎஸ் வழி நடை விளையாட்டு: எங்கே தொடங்குவது, எது சொதப்பும்?

கேள்வி இது: மண்டபம் பக்கத்து வாசகர் வட்டம் ஒன்று, உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பாம்பனின் பழைய வரலாற்றை நடந்தே கண்டுபிடிக்கும்படி ஒரு போன் விளையாட்டு செய்ய நினைக்கிறது. கையில் ஆண்ட்ராய்டு போன்கள் உண்டு, ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்த ஒருவர் உண்டு, பணம் அநேகமாக இல்லை. எதில் தொடங்குவது, பின்னால் கீழக்கரைக்கும் இதையே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருளில் தொடங்காதீர்கள். முதலில் வழித்தடம், பிறகு கேள்விகள், அதன் பிறகு கதை, கடைசியில்தான் நிரல். பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. செயலி அழகாக முடிந்திருக்கும், அது காட்டும் இடத்துக்குப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. இல்லாவிட்டால் லாரி போகும் சாலையின் நடுவில் நிற்கச் சொல்லும்.

எட்டு நிறுத்தங்கள் (போனோடு போய் நின்றதும் கேள்வி திறக்கும் இடங்கள்), மொத்தம் மூன்று கிலோமீட்டர். இதைத் தாண்ட வேண்டாம். சும்மா நடந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிகிற தூரம்தான். ஆனால் நின்று, வாசித்து, வாக்குவாதம் செய்து விடை தேடும் பிள்ளைகள் மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் நகர்வார்கள். ஆக இரண்டு மணி நேரம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடியும், மாலை என்றால் நான்கு மணிக்கு மேல். நடுப்பகலில் பாம்பனில் வெயில் ஒரு பக்கம் என்றால், அந்த வெயிலில் போன் திரையே தெரியாது என்பது இன்னொரு பக்கம். சூடான போன் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், சில போன்கள் அணைந்தே போகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று அழகு பார்க்காமல் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை, பெரிதாக வையுங்கள்.

முதல் நிறுத்தத்தைச் சாலைப் பாலத்தின் மேல் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். வைக்காதீர்கள். 1988 அக்டோபர் 2 அன்று திறந்த அந்த 2.34 கிலோமீட்டர் பாலத்தில் பேருந்தும் லாரியும் சுற்றுலா வண்டிகளும் ஓடிக்கொண்டே இருக்கும், படம் எடுக்க இறங்குகிறவர்கள் கூட்டம் வேறு. போனைப் பார்த்துக்கொண்டே நடக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது இடமில்லை. பாலம் தீவுப் பக்கம் இறங்கி முடிந்த பிறகு, கரையோரம் பாதுகாப்பாக நின்று ரயில் பாலங்களைப் பார்க்க முடிகிற ஒரு இடத்தைத் தேடி அங்கே தொடங்குங்கள்.

அங்கே நின்றால் பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கிறது. பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதன் நடுவே இருப்பது ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி: இரண்டு இரும்பு இறக்கைகள், கப்பல் வரும்போது ஆட்கள் கையால் நெம்புகோலைச் சுற்ற, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் மேலே எழும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இறக்கையாக விரியாது, அப்படியே மட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு நேர்மேலே போகும், மோட்டாரில். ஒரே கால்வாய், ஒரே தேவை, நூற்றுப் பதினோரு ஆண்டு இடைவெளியில் இரண்டு விடைகள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

ஆனால் இதை எப்படிக் கேட்பது என்பதில்தான் விளையாட்டு இருக்கிறது. "1964 புயலில் சேதமான பாலத்தை எத்தனை நாளில் சரிசெய்தார்கள்?" என்று கேட்டால் வீட்டில் உட்கார்ந்தே 46 என்று அடித்துவிடுவார்கள். அது வினாடி வினா, அதற்கு நடக்கத் தேவையில்லை. "இரண்டு பாலங்களின் நடுப்பகுதியையும் பாருங்கள். தூக்கும்போது எதற்குப் பக்கவாட்டில் இடம் தேவை, எதற்கு உயரமான கோபுரம் தேவை? கோபுரங்களை எண்ணி எழுதுங்கள்" என்று கேளுங்கள். இதற்கு அங்கே நின்று பார்க்க வேண்டும். 46 நாள் என்ற செய்தியை, சரியான விடை சொன்னதும் பரிசாகத் திறக்கும் பத்தியில் வையுங்கள், அந்தப் பணியை நடத்திய பொறியாளர் இ. ஸ்ரீதரன் என்பதையும் சேர்த்து. தகவல் பரிசாக வர வேண்டும், பூட்டாக அல்ல. எல்லா நிறுத்தத்துக்கும் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கூடவே ஒரு எச்சரிக்கை. பழைய பாலம் இன்றிருக்கும் தோற்றத்தில் நெடுநாள் இருக்கும் என்று நம்பி விடையைப் பூட்டாதீர்கள். கடலோரத்தில் மாறக்கூடியது எதையும் நம்பக் கூடாது. பெயர்ப்பலகையின் நிறம், சுவரில் எழுதிய எண், படகின் பெயர் எல்லாம் ஒரு வாடைக் காலம் (வடகிழக்குக் காற்று வீசும் மாதங்கள்) தாண்டாது. உப்புக் காற்றில் பெயிண்ட் உரியும், பலகை துருப்பிடிக்கும், புது ஊராட்சி வந்தால் புதுப் பலகை வரும். கல்லில் வெட்டியது, படிகளின் எண்ணிக்கை, வளைவுகளின் எண்ணிக்கை, இரண்டு பொருட்கள் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் இருக்கின்றன என்பது போன்றவை நிற்கும்.

கதைக்கு வருவோம். விளையாட்டு என்றால் ஆடுகிறவருக்கு ஒரு வேலை வேண்டும். பாம்பனுக்கு மிகவும் பொருந்துவது போட் மெயில். 1914க்குப் பிறகு மெட்ராஸில் ஏறியவர் இந்தப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு சேரலாம். ஆடுகிறவர் அப்படி ஒரு பயணி, கப்பல் புறப்படுவதற்குள் தேவையான சீட்டுகளைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். பயணச்சீட்டு ஒன்று, மூட்டைக்கான ரசீது ஒன்று, மண்டபம் முகாமில் கொடுத்த மருத்துவச் சீட்டு ஒன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை அந்த முகாமில்தான் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். மேல்தட்டுப் பயணிக்கும் தோட்டக் கூலிக்கும் ஒரே கடல் எப்படி வேறு வேறு பாதையாக இருந்தது என்பதை, இரண்டு பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியே காட்டிவிடலாம். வசனம் தேவையில்லை. ஒருவர் கையில் இரண்டு சீட்டு போதும், இன்னொருவருக்கு மூன்றும் வேண்டும். பாத்திரங்கள் கற்பனை என்று முதல் திரையிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தக் கதையில் பாம்பன் ரயில் நிலையம்தான் முக்கியமான இடம். அந்நாளில் இங்கிருந்துதான் ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கும் ஒரு பாதை தனுஷ்கோடிக்கும் பிரிந்தது. இரண்டாவது பாதை 1964 டிசம்பர் புயலுக்குப் பின் கைவிடப்பட்டது. நடைமேடையில் நின்று இன்று தண்டவாளம் எத்தனை திசையில் போகிறது என்று பார்க்கச் சொல்லி, அடுத்து 1960இன் பாதை வரைபடத்தைக் காட்டி எது இல்லை என்று கேளுங்கள். இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க வைப்பது வரலாற்று விளையாட்டில் கடினம். இங்கே அது இயல்பாகவே அமைகிறது. நடைமேடைச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும், நிலைய அதிகாரியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், தண்டவாளத்தில் யாரும் இறங்கக் கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவது தண்டனைக்குரியது. அனுமதி கிடைக்கவில்லை என்றால் நிறுத்தத்தை நிலையத்துக்கு வெளியே நகர்த்தி, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட வையுங்கள்.

1964ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த ரயிலை வைத்து "காப்பாற்று, மதிப்பெண் பெறு" என்று எதுவும் செய்யாதீர்கள். உறவை இழந்த குடும்பங்கள் இன்னும் இந்தத் தீவில்தான் இருக்கின்றன. அந்த நிறுத்தத்தில் புதிர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், கடிகாரம் ஓட வேண்டாம். நேரத்தையும் நடந்ததையும் நான்கு வரியில் சொல்லி, அடுத்த இடத்துக்குப் போகலாம் என்ற பொத்தானை வைத்தால் போதும். பேய் நகரம், ஆவி நடமாட்டம் என்ற சுற்றுலாக் கதைகளையும் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றைப் பரப்ப ஏற்கெனவே ஆயிரம் வீடியோக்கள் உள்ளன.

பாம்பனுக்கே உரிய, வேறு ஊரில் எளிதில் அமையாத இரண்டு புதிர்கள் உண்டு.

ஒன்று, துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. "பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு" என்று செய்தியில் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்குப் பழகியிருக்கும், பொருள் தெரிந்திருக்காது. மொத்தம் 11 எண்கள். 1, 2 தொலைவில் கடலில் இருக்கும் ஆபத்து. 3, 4 உள்ளூரை நெருங்கும் மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் வெள்ளை, சிவப்பு விளக்குகளும் அடையாளம். மூன்று எண்கள் கொண்ட ஒரு பூட்டை இந்த அடையாளங்களின் படத்தால் திறக்க வைத்தால் அருமையான புதிர். உண்மையிலேயே 3 அல்லது அதற்கு மேற்பட்ட கூண்டு ஏறியிருக்கும் நாளில் விளையாட்டை நடத்தவே கூடாது. அதை விதியாகவே எழுதி, முதல் திரையில் "இன்று கூண்டு எண் என்ன?" என்று நடத்துநரைக் கேட்க வையுங்கள்.

மற்றொன்று காற்று. தீவின் ஒரு பக்கம் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல், மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் தென்கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் அப்படியே மாறும். "இன்று எந்தக் கடலில் அலை அதிகம்?" என்பது நடந்து போய் இரண்டையும் பார்த்தால்தான் சொல்லக்கூடிய கேள்வி. சிக்கல் என்னவென்றால் விடை மாதத்துக்கு மாதம் மாறும். எனவே இதைச் சரி, தவறு என்று வைக்காதீர்கள். இரண்டு விடைக்கும் இரண்டு கிளை எழுதுங்கள்: தென்கடல் என்றால் கச்சான் பற்றிய பத்தி, வடகடல் என்றால் வாடை பற்றிய பத்தி. இரண்டும் சமமாகத் தெரியும் இடைக்காலத்துக்கு மூன்றாவது ஒன்று. அதே விளையாட்டை ஆனியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் ஆடினால் வேறு கதை கிடைக்கும்.

மீன் இறங்கும் இடத்தை நிறுத்தமாக வைப்பதில் கவனம் வேண்டும். காலையில் படகு வந்து ஏலம் நடக்கும் நேரத்தில் இருபது பிள்ளைகள் போனோடு குறுக்கே நிற்பது அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். காய்கிற வலையை மிதிக்கக் கூடாது, கருவாடு பரப்பிய மணலில் நடக்கக் கூடாது. நிறுத்தத்தை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, பார்வை மட்டும் படும்படி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கரை வேறு மாதிரி இருக்கும் என்பதால் "எத்தனை விசைப்படகு கிளம்புகிறது?" போன்ற கேள்வி செத்துவிடும். சின்னப்பாலம் என்ற மீனவக் கிராமத்துப் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் வேலையைச் சொல்ல நினைத்தால், முதலில் அவர்களிடம் கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, சேர்ப்பதற்கு முன் போட்டுக் காட்டுங்கள்.

"கரையில் ஒரு பவளத்துண்டு கண்டுபிடித்துப் படம் எடு" என்ற மாதிரி பணிகளை அடியோடு தவிருங்கள். படத்தோடு நிற்காது, பைக்குள் போகும். பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. டிரோன் படமும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று இது முழுக்கப் பாதுகாப்புக் கண்காணிப்பில் உள்ள கரை.

குந்துகாலை இந்த மூன்று கிலோமீட்டருக்குள் திணிக்காதீர்கள். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் அங்கே கரையிறங்கி, பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது, எதிரே குருசடைத் தீவு, அதையும் சேர்த்து 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்று அது தனியாக ஒரு காலைக்கான சரக்கு. இரண்டாம் அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி ஜிபிஎஸ். பாம்பன் திறந்த வானம் என்பதால் நல்ல போனில் பிழை ஐந்து மீட்டர் அளவில்தான் இருக்கும். மலிவான போனில் பத்து, பதினைந்து. ஆயத்தொலைவுகளைக் கூகுள் மேப்பில் விரலால் தொட்டு எடுக்காதீர்கள், செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். இடத்துக்கே போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வேறு போன்களோடு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, அளவுகளின் சராசரியை எடுங்கள். இன்னொரு நாள் வேறு நேரத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அருகில் தகரக் கொட்டகையோ பாலத்தின் அடிப்பகுதியோ இருக்கும். நிறுத்தத்தைத் திறந்த பக்கம் நகர்த்துங்கள்.

தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். அந்த ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பாம்பன் அட்சரேகையில் ஒரு பாகை அட்சம் சுமார் 1,10,600 மீட்டர், ஒரு பாகை தீர்க்கம் சுமார் 1,09,900 மீட்டர். ஊருக்குள் கணக்கிட, பூமி உருண்டையின் மேல் தூரம் காணும் ஹவர்சைன் சூத்திரம் கூடத் தேவையில்லை. வித்தியாசங்களை இந்த எண்களால் பெருக்கி, பித்தாகரஸ் போட்டால் போதும். அட்சத்தில் 0.0003, தீர்க்கத்தில் 0.0004 வித்தியாசம் என்றால் 33 மீட்டர், 44 மீட்டர், ஆகத் தூரம் 55 மீட்டர்.

ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றிக் கேள்வி திறக்கும் வட்டத்தின் ஆரம் 25 மீட்டர். பத்து மீட்டர் வைத்தால் பிள்ளைகள் "திறக்கல, திறக்கல" என்று போனைத் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். ஐம்பது வைத்தால் பார்க்க வேண்டியதைப் பார்க்கும் முன்பே கேள்வி வந்துவிடும். இரண்டு நிறுத்தங்களின் மையங்களுக்கு நடுவே குறைந்தது 80 மீட்டர் விடுங்கள். மையம் எங்கே இருக்கிறது என்பதைவிட வட்டத்தின் ஓரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஓரம் சாலையிலோ தண்டவாளத்திலோ தண்ணீரிலோ விழுந்தால், பத்துப் பேரில் இருவருக்குக் கேள்வி அங்கேதான் திறக்கும், அங்கேயே நின்று வாசிக்கத் தொடங்குவார்கள்.

மென்பொருளாக ஆயத்த மேடைகள் இருக்கின்றன. வேரிகோ 2008 முதல் இருக்கிறது, மண்டலம், பொருள், பாத்திரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆடுகிறவர் தனிச் செயலி போட்டுக் கணக்குத் திறக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு அது நடக்காது. உங்களிடம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் இருப்பதால், இணைப்பைத் தொட்டால் திறக்கும் ஒரே வலைப்பக்கமாகச் செய்யுங்கள். நிறுத்தங்கள் ஒரு ஜேசான் (JSON, தரவுக்கான எளிய உரை வடிவம்) கோப்பில்: பெயர், அட்சம், தீர்க்கம், ஆரம், பத்தி, கேள்வி, ஏற்கும் விடைகள், பரிசுப் பத்தி, ஒலிக்கோப்பு. நிரலையும் கதையையும் கலக்காதீர்கள். கதையைத் திருத்துகிறவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இருப்பிடத்தைப் பெற உலாவியின் வாட்ச்பொசிஷன் (watchPosition) கட்டளை, உயர் துல்லியம் இயக்கத்தில், காத்திருக்கும் வரம்பு (timeout) 20 நொடி. வரும் ஒவ்வொரு அளவோடும் துல்லிய மதிப்பும் (எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்ற எண்) வரும். அது 30 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள். வட்டத்துக்குள் அடுத்தடுத்து மூன்று அளவு வந்தால்தான் வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். வெளியேறியதாகக் கொள்ள 25 அல்ல, 40 மீட்டர் வையுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் நிற்கும் போதெல்லாம் திரை திறந்து திறந்து மூடும். ஒருமுறை திறந்த கேள்வியை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் பிறகு நிலையை போனிலேயே சேமியுங்கள், நடுவில் ஒரு அழைப்பு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நடைமுறையில் கெடுவது பெரும்பாலும் நிரல் அல்ல, அனுமதி. பக்கம் எச்டிடிபிஎஸ் (https) முகவரியில் இல்லாவிட்டால் உலாவி இருப்பிடத்தைத் தராது. ஆண்ட்ராய்டு 12 முதல் "துல்லியமான", "தோராயமான" என்று இரண்டு தேர்வு கேட்கும். அவசரத்தில் தோராயத்தைத் தொட்டுவிட்டால் துல்லிய மதிப்பு ஆயிரக்கணக்கான மீட்டராக வரும், எந்த நிறுத்தமும் திறக்காது. துல்லியம் 500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து வந்தால் "அமைப்பில் துல்லியமான இருப்பிடத்தை இயக்குங்கள்" என்று படத்தோடு ஒரு திரை காட்டுங்கள். ஐபோனிலும் இதே போன்ற பொத்தான் உண்டு. சமூக ஊடகச் செயலிகளின் உள்ளேயே திறக்கும் உலாவியில் இருப்பிடம் பல நேரம் கிடைக்காது, எனவே குரோமில் திறக்கச் சொல்லுங்கள். திரை அணைந்தால் வலைப்பக்கத்துக்கு இருப்பிடம் வருவது நின்றுவிடும். திரையை விழித்திருக்க வைக்கும் வேக் லாக் வசதியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது பேட்டரியைத் தின்னும் என்பதால் குழுவுக்கு ஒரு பவர் பேங்க் கொடுங்கள்.

திசைகாட்டி அம்பு வைக்க ஆசை வரும். போனின் திசைகாட்டி காந்த உணரி. இரும்புப் பாலம், தண்டவாளம், நங்கூரக் குவியல் பக்கத்தில் அது எங்கெங்கோ காட்டும். ஜிபிஎஸ் தரும் திசையோ நடக்கும்போது மட்டும்தான் சரி, நின்றால் சுழலும். எனவே அம்பை விட்டுவிட்டு, மீதத் தூரத்தை எண்ணாகவும், போகும் வழியைச் சொல்லாகவும் கொடுங்கள்: "கலங்கரை விளக்கத்தை இடப்பக்கம் வைத்து நட". இப்படிச் சொன்னால் பிள்ளைகள் போனைப் பார்ப்பதை விட்டு ஊரைப் பார்ப்பார்கள்.

இணையம் நடுவில் விட்டுப் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்பையும் தொடக்கத்திலேயே, வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவிட வேண்டும். இணையம் இல்லாமலும் பக்கம் ஓடும்படி கோப்புகளைப் போனில் வைத்திருக்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற உலாவி வசதி அதற்குத்தான். யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வரிலிருந்து வரைபடத் துண்டுகளை மொத்தமாக இறக்குவதை அவர்கள் அனுமதிப்பதில்லை. அதன் தரவைக் கொண்டு நீங்களே வரைந்த ஒரே படத்தை வைத்து, தரவு அவர்களுடையது என்று ஓரத்தில் குறிப்பிடுங்கள். ஒலி, மோனோ 64 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு அரை எம்பி. எட்டு நிறுத்தத்துக்கு ஒன்றரை நிமிடம் வீதம் ஆறு எம்பிக்குள் முடியும். காற்றில் போன் ஸ்பீக்கர் கேட்காது, எனவே ஒலியில் வருவது அனைத்தும் எழுத்திலும் இருக்க வேண்டும். இயர்போன் ஒரு காதில் மட்டும். எழுத்து நிறுத்தத்துக்கு நூறு சொல் தாண்டினால் யாரும் வாசிக்கப் போவதில்லை.

விடையைத் தட்டச்சு செய்ய வைத்தால் எண்ணாக இருக்கட்டும், அல்லது நான்கில் ஒன்றைத் தொடட்டும். தமிழில் ஒரே பெயரை ஐந்து விதமாக எழுதுவார்கள், விசைப்பலகையே இல்லாத போனும் இருக்கும். ஜிபிஎஸ் முற்றிலும் கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு மாற்றுக் கதவு தேவை: இரண்டு நிமிடம் ஆகியும் திறக்காவிட்டால் "நான் இங்கேதான் நிற்கிறேன்" என்ற பொத்தான் தோன்றி, அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒன்றைப் பற்றி ஒரு எளிய கேள்வி கேட்டு உள்ளே விட வேண்டும். பிள்ளைகளின் பெயரையோ இருப்பிடத்தையோ எங்கும் அனுப்பிச் சேமிக்காதீர்கள். எல்லாக் கணக்கும் போனுக்குள்ளேயே முடிகிறது, சர்வருக்கு எதுவும் போகத் தேவையில்லை.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் வையுங்கள்: ஆவணத்தில் உள்ளது, பெரியவர்கள் சொன்னது, தலபுராணம் என்று மூன்று. ராமேஸ்வரம் தீவில் இந்த மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துக் காட்டினால் யாரும் புண்பட மாட்டார்கள். கலந்து கொடுத்தால்தான் சண்டை வரும்.

சோதனையை இரண்டு கட்டமாக நடத்துங்கள். முதலில் நிரல் எழுதியவர் இல்லாமல், ஊர் தெரியாத இருவரை அனுப்பி, நீங்கள் இருபது அடி பின்னால் பேசாமல் நடந்து, அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே குழம்புகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். வாயைத் திறந்து உதவினால் சோதனை வீண். அடுத்து நான்கு பேர் கொண்ட ஒரு மாணவர் குழு, ஒரே போன், கூட ஒரு பெரியவர். ஒருவர் போன், ஒருவர் தாளில் வரைபடம், ஒருவர் குறிப்பு, ஒருவர் சாலையைப் பார்ப்பவர் என்று வேலை பிரித்துக் கொடுத்தால் ஒருவரே முழுக்க ஆடும் நிலை வராது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி. குழுக்களை இருபது நிமிட இடைவெளியில் விடுங்கள், இல்லையென்றால் முன்னால் போனவர்களிடம் விடை கேட்டுக்கொள்வார்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாடை மழை முடிந்ததும் கட்டாயமாக, யாராவது ஒருவர் முழு வழியும் நடந்து விடைகளைச் சரிபார்க்க வேண்டும்.

கீழக்கரைக்கு இதே நிரல் போதும், இதே வடிவமைப்பு போதாது. அங்கே பழைய தெருக்கள் குறுகல், மாடி வீடுகள் நெருக்கம். வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும், சமிக்ஞை சுவரில் மோதித் திரும்பி வரும், பிழை 20 மீட்டரைத் தாண்டிப் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும். எனவே ஜிபிஎஸ்ஸைத் தெருமுனைக்கும் கடற்கரைக்கும் மட்டும் வைத்து, தெருவுக்குள் கண்ணால் பார்க்கும் குறிப்புகளால் நகர்த்துங்கள். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களும், கிழவன் சேதுபதி காலத்து வள்ளல் சீதக்காதியும், முத்துக் குளிப்பும் சங்கு வணிகமும் உங்களுக்குத் தாராளமான கதை தரும். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, ஜமாஅத்திடம் முன்பே பேசி, நிறுத்தங்களை வாசலுக்கு வெளியே வையுங்கள். குடியிருக்கும் வீடுகளின் கதவையும் திண்ணையையும் புதிராக்க வேண்டாம். தனுஷ்கோடிக்கு நீட்டுவதாக இருந்தால் ரோமிங்கை அணைக்கச் சொல்லுங்கள், அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும்.